வெள்ளை ஈ எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டது ஒரு தப்பாங்க?

தோப்புக்காரன்_கொழிஞ்சாம்பாறை

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நமக்கு கொழிஞ்சாம்பாறை, அதாவது ரேசன் கார்டு கேரளா, பேச்சு தமிழு, தேங்கா போடறது பொள்ளாச்சி. மூணு ஏக்கரா தென்னை இருக்குதுங்க. பிரச்சன வேற ஒண்ணுமில்ல, இந்த சுருள் வெள்ளை ஈ. 2016ல பொள்ளாச்சிலயும் நம்ம பாலக்காட்டுப் பக்கமும் மொதமொதல்ல பாத்தப்போ ஒரு மழை பேஞ்சா போயிருமுன்னாங்க, அப்புறம் எத்தன மழை பேஞ்சுருச்சு. ஓலைக்கு அடியில சுத்திச்சுத்தி கோலம் போட்டாப்புல முட்டை வெக்குது, அதுலருந்து தேனாட்டம் ஒண்ணு ஒழுகி அது மேல கரும்பூசணம் புடிச்சு கீழ இருக்கற வாழை எலை, கறிவேப்பிலை, நிறுத்தி வெச்ச வண்டி சீட்டு வரைக்கும் ஒரே கருப்பு.

கடைக்காரர் பேச்சக் கேட்டு போன வருசம் ரெண்டு தடவ மருந்தடிச்சேன், அடிச்ச ரெண்டே மாசத்துல முன்னக்காட்டி ஜாஸ்தியாத்தான் வந்துச்சு. கிருஷிபவன் (கேரளா வேளாண்மை ஆபீசு) ஆபீசர்கிட்ட காட்டுனா இது மத்திய அமெரிக்கா பூச்சி, மருந்தடிச்சா இன்னும் கெட்டுருமுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு அதுதானுங்க மண்டைய கொடையுது. எங்கியோ கெடக்கற பூச்சி கொழிஞ்சாம்பாறைக்கு எப்படிங்க வழி கண்டுபுடிச்சுது? நம்ம மண்ணுக்கு சம்பந்தமே இல்லாத பண்டம் நமக்கு எதுக்கு?

மரச்சீனி_மார்த்தாண்டம்

அண்ணே, சம்பந்தமே இல்லாத பண்டம்னு சொன்னியள்லா, இன்னிக்கி மத்தியானம் என்ன சாப்டியன்னு கொஞ்சம் சொல்லுங்க பாப்போம்.

தோப்புக்காரன்_கொழிஞ்சாம்பாறை

தக்காளி ரசம், உருளைக்கிழங்கு பொரியல், ராத்திரி மிஞ்சுன குச்சிக்கிழங்கு. தொட்டுக்க மிளகா வத்தல். ஏனுங்க?

மரச்சீனி_மார்த்தாண்டம்

சரியா மாட்டிக்கிட்டிய 😄 தக்காளி, உருளை, குச்சிக்கிழங்கு, மிளகா, நாலும் அமெரிக்காவாக்கும். கொலம்பஸ் 1492ல அங்க போய் இறங்குததுக்கு முன்ன இந்தப் பக்கம் ஒருத்தனும் இத கண்ணால கண்டதில்ல. பூச்சி இப்பதான் வந்திருக்கு, உங்க சோத்துத் தட்டு நானூறு வருசம் முன்னயே வந்தாச்சு.

எங்க ஊருல குச்சிக்கிழங்குக்கு மரச்சீனின்னு பேரு. மரச்சீனியும் மீன்கறியும் இல்லாத வீடு உண்டா? ஆனா சாமானம் பிரேசில் பக்கத்துது. எங்க தாத்தா சொல்லுவாரு, மகாராஜா தந்த கிழங்குன்னு. திருவிதாங்கூர ஆண்ட விசாகம் திருநாள், 1880ல இருந்து 1885 வர அஞ்சு வருசந்தான் இருந்தாரு, அவருதான் இத எல்லாரும் நடணும்னு பாடுபட்டவரு. அதோட அருமை தெரிஞ்சது 1942ல. ஜப்பான்காரன் பர்மாவ புடிச்சான், பர்மா அரிசிக் கப்பல் நின்னுச்சு, திருவிதாங்கூர்ல சனங்க உசிர புடிச்சு வச்சிருந்ததே இந்தக் கிழங்கு தின்னாக்கும். எங்க பாட்டி கடேசி வர சோறு இல்லாட்டாலும் கேக்கமாட்டா, கிழங்கு இல்லன்னா தான் சண்ட.

மறையூர்_கரும்பு

அண்ணன்மாரே மத்ததெல்லாம் ஒத்துக்கறேன், மிளகாய மட்டும் விடமாட்டேன். ஆந்திராக்காரங்ககிட்ட போய் மிளகா உங்களுது இல்லன்னு சொல்லிப் பாருங்க. நம்ம சித்தர்கள் காலத்துலருந்து இருக்குன்னு ஒரு வீடியோல பாத்தேன். தக்காளியும் பழைய வைத்தியச் சுவடியில பேரு வருதாம்.

ரிட்டயர்டு_வாத்தியார்_செங்கோட்டை

தம்பி, சுவடியில தக்காளின்னு வந்தா அது மணத்தக்காளி மாதிரி நம்ம பழைய செடிகள், நீங்க ரசத்துல போடறது இல்ல. பெரியவங்க சீமைத்தக்காளின்னு ஏன் சொன்னாங்க? ஏற்கெனவே இங்க ஒரு தக்காளி இருந்ததாலதான். பேரு மட்டும் இருந்துட்டா பண்டமும் இருந்ததுன்னு ஆயிடாது.

மிளகா கதை இன்னும் அழகு. நம்ம ஆளு சங்க காலத்துல மிளகுக்கு 'கறி'ன்னு பேரு வச்சிருந்தான், அந்தக் கறிக்காக ரோமாபுரிலருந்து கப்பல் வந்துச்சு. அதே மிளகத் தேடித்தான் கொலம்பஸ் கெளம்புறாரு, வழி மாறி கரீபியன்ல எறங்குறாரு, அங்க உள்ளவங்க ஒரு காரமான காயத் திங்கிறாங்க. மிளகு கெடைக்கல, ஆனா வெறுங்கையோட ஊர் திரும்ப முடியுமா, இதுவும் மிளகுதான்னு மிளகுக்கு உள்ள பேரையே அதுக்கு வச்சுட்டாரு. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தாச்சு, பின்னாலயே போர்ச்சுகீசுக்காரங்க அந்தக் காய இங்க கொண்டு வந்தாங்க. நம்ம ஆளும் கடிச்சுப் பாத்துட்டு மிளகு மாதிரி எரியுது, ஆனா காயா இருக்கு, மிளகு + காய் = மிளகாய்னுட்டான். உலகத்தோட ரெண்டு மூலையிலயும் ஒரே மாதிரி பேரு விழுந்திருக்கு பாருங்க.

மரச்சீனி_மார்த்தாண்டம்

வாத்தியாரய்யா அதுக்கு சாட்சி எங்க அடுக்களையிலயே கெடக்கு. கன்னியாகுமரி பக்கம் ஒரிஜினல் மிளகுக்கு 'நல்லமிளகு'ன்னு பேரு. அப்ப மத்தது நல்லதில்லாத மிளகுன்னு தானே அர்த்தம். வந்தவன் வீட்டுக்காரன் பேரயே எடுத்துக்கிட்டான், வீட்டுக்காரன் 'நல்ல'ன்னு ஒரு அடையாளம் மாட்டிக்கிட்டு நிக்கான் 😂

கல்பாத்தி_சமையல்

நான் கல்பாத்தி அக்ரஹாரத்துல கேட்டரிங் பண்றவன். இந்தப் பேச்சுக்கு நேக்கும் ஒண்ணு சொல்லணும். திவசச் சமையல் பண்றச்சே மிளகா கெடையாது, தக்காளி, உருளைக்கெழங்கு, கோஸ், பீன்ஸ் எதுவும் கெடையாது. மிளகுதான் காரம். வாழக்கா, பாவக்கா, பொடலங்கா, சேனை, சேப்பங்கெழங்கு, பலாக்கா, எள்ளு, பயறு. இங்கிலீஷ் காய் ஆகாதும்பா எங்க பாட்டி. ஏன் ஆகாதுன்னா பதில் வராது, ஆகாதுன்னா ஆகாது. வாத்தியார் எழுதினத படிச்சப்புறம்தான் பொறி தட்டித்து. செத்துப்போன மூணு தலைமுறைக்கு நாம பரிமாறறது காமா வர்றதுக்கு முன்னாடி இருந்த இலை! பித்ருக்களுக்குப் பழக்கமில்லாத பண்டத்த போடப்படாதுன்னு எவனோ அன்னிக்கி யோசிச்சிருக்கான் போல. எங்க மொளகூட்டல்ங்கற கூட்டுக்கும் பேர்ல மொளகு இருக்கு, நாங்க இப்ப அரைச்சு விடறது வத்தமொளகாதான்.

அந்த சமையல் ருசியா இருக்கும், அத சொல்லிடறேன். ஜனங்க அனாவசியமா பயப்படறா.

கம்பம்_ஏலக்கா

ஆக மொத்தம் நம்ம மலையோட ஏலக்காவும் மிளகும் தான் அசல் சரக்குன்னு ஒத்துக்கிட்டீங்க, கம்பம் குமுளிக்காரனுக்கு இது போதும்ணே 💪 புளியும் நம்மளதுதானே? கேப்பை, கம்பு எல்லாம்?

ரிட்டயர்டு_வாத்தியார்_செங்கோட்டை

வருத்தப்படாதீங்க. புளிய மரம் ஆப்பிரிக்கா. இதுல வேடிக்கை, அரபுக்காரங்க அதுக்கு 'இந்தியப் பேரீச்சை'ன்னு பேரு வச்சாங்க, தமர் ஹிந்தி, அதுதான் இங்கிலீஷ்ல டாமரிண்ட் ஆச்சு. கேழ்வரகு எத்தியோப்பியா உகாண்டா மேட்டுநிலத்துப் பயிர், கம்பு சகாரா பாலைவனத்துக்குத் தெற்க. இதெல்லாம் வந்து ஆயிரக்கணக்கான வருசமாச்சு, கப்பல்காரன் பேரு யாருக்கும் தெரியாது. சாமை, வரகு, கொள்ளு, எள்ளு நம்மூரு. மறையூர் தம்பி கரும்பு பேரு வச்சிருக்காரு, கரும்புக்கு சொந்த ஊரு நியூ கினியா தீவு.

மறையூர்_கரும்பு

அடப்பாவமே. எங்க மறையூர் வெல்லத்துக்கு 2019ல தான் புவிசார் குறியீடு வாங்குனோம், அதுக்குள்ள கரும்பையே புடுங்கிட்டீங்களே.

ரிட்டயர்டு_வாத்தியார்_செங்கோட்டை

வெல்லம் உங்களுது, அத யாரும் புடுங்கல. கரும்பச் சாறு புழிஞ்சு சர்க்கரையாக்குன வித்தையே இந்தியாவுலருந்து போனது. ஆனா அந்தக் கரும்பு அடுத்து எங்க போச்சுன்னு பாக்கணும். 1493ல கொலம்பஸ் ரெண்டாந்தடவ போறப்ப குதிரை, மாடு, பன்னியோட கரும்பையும் ஏத்திக்கிட்டுப் போனாரு. கரும்பு வெட்ட ஆளு வேணும், அங்க உள்ள சனங்க அம்மையில செத்துக்கிட்டு இருக்காங்க, உடனே ஆப்பிரிக்காவுலருந்து மனுசங்கள சங்கிலி போட்டு ஏத்துனாங்க. நாலு நூற்றாண்டுல ஒரு கோடிக்கு மேல. நீங்க காப்பியில போடற ஒரு ஸ்பூனுக்குப் பின்னால இவ்வளவு இருக்கு.

கம்பம்_ஏலக்கா

வாத்தியாரய்யா அந்த அம்மை விசயம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. நம்மூர்லயும்தான் பெரியம்மை இருந்துச்சு, மாரியாத்தாளுக்கு வேப்பிலை கட்டி கூழ் ஊத்தி ஆளுக பொழச்சாக, செத்தாக, ஊரு காலியாகலயே. அங்க மட்டும் ஏன் அப்பிடி? அங்கிட்டு உள்ள வியாதி நம்ம பக்கம் வந்து நம்மள ஏன் காலி பண்ணல?

மாட்டு_டாக்டரம்மா

இதுக்கு நான் வர்றேன், நான் பார்டர் பக்கம் கால்நடை டாக்டர், எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். மனுசனுக்கு வர்ற பல தொத்து வியாதிக்கு தாய்வீடு மிருகங்கதான். தட்டம்மை வைரசும் மாட்டுக்கு வர்ற வெக்கை நோய் வைரசும் ஒரே குடும்பம். ஆசியா ஐரோப்பால நாம மாடு, ஆடு, பன்னி, கோழியோட ஒரே கூரையில படுத்துத் தூங்குன ஆளுங்க. தலைமுறை தலைமுறையா வாங்கி வாங்கி, சாக வேண்டியது செத்து, சின்ன வயசுல வந்து பொழச்சவங்களுக்கு மறுபடி வராதுங்கிற நெலம ஆயிருச்சு. அங்க அமெரிக்கால வளத்தது லாமா, அல்பாகா, வான்கோழி, கினிப்பன்னி, ஒரு வாத்து, நாய், அவ்ளோதான். மாடு குதிரை கிடையாது. குதிரையோட மூதாதை பொறந்தது அமெரிக்காலதான், பத்தாயிரம் வருசம் முன்ன அங்க அழிஞ்சு போச்சு, கடைசில கப்பலேறி பொறந்த வீட்டுக்கே திரும்பிச்சு.

அதனால அங்க பெரியம்மை போனப்ப ஊர்ல ஒருத்தருக்குக் கூட அது பழக்கமில்ல. கொழந்தைக்கும் வருது அப்பனுக்கும் வருது தாத்தாவுக்கும் வருது, ஒரே வாரத்துல எல்லாரும் படுத்தா தண்ணி குடுக்கக் கூட ஆளிருக்காது. 1520ல மெக்சிகோல ஸ்பானிஷ்காரன துரத்தி விட்டுட்டு புதுசா பட்டத்துக்கு வந்த ராஜா குயிட்லாவாக், மூணு மாசம் கூட ஆகல, அம்மையிலயே போயிட்டாரு. துப்பாக்கி பெரிசா குதிரை பெரிசான்னு சண்ட போடுறாங்க, அம்மைதான் முதல் படை.

மறையூர்_கரும்பு

அக்கா எல்லாத்தையும் வைரஸ் தலையில கட்டி வெள்ளைக்காரன தப்பிக்க விடாதீங்க. நிலத்தப் புடுங்கி சுரங்கத்துல எறக்கி பட்டினி போட்டா யாருக்கும்தான் வியாதி தாங்காது. நல்லா சாப்பிட்டு வீட்டுல இருந்திருந்தா பாதிப் பேராவது பொழச்சிருப்பாங்க.

மாட்டு_டாக்டரம்மா

சரியான பாயின்ட், ஒத்துக்கறேன். மெலிஞ்ச மாட்டுக்கு வந்தா அதே வியாதி ரெண்டு மடங்கு, தெனம் பாக்கறேன். ரெண்டும் சேந்துதான் அத்தன உசிரு போச்சு.

ஆனா ஒண்ணு. அதே பெரியம்மைக்கு மருந்து போன கதையும் கேளுங்க. பசுவுக்கு வர்ற அம்மைய வச்சு 1796ல ஜென்னர் தடுப்பூசி கண்டுபுடிச்சாரு, வேக்சின்ங்கிற வார்த்தையே லத்தீன்ல பசுவுக்கு உள்ள பேருலருந்து வந்ததுதான். அப்ப ஃப்ரிட்ஜ் கிடையாது, அத கடல் தாண்டி எப்படி கொண்டு போறது? 1803ல ஸ்பெயின்லருந்து பால்மிஸ்னு ஒரு டாக்டர் 22 அநாதைப் பசங்கள கப்பல்ல கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு பசங்களுக்கு ஊசி போட்டு, கொப்புளம் வந்ததும் அதுலருந்து எடுத்து அடுத்த ரெண்டு பேருக்கு, இப்படி கைக்கு கை மாத்தி அமெரிக்கா வரைக்கும். அந்தப் பசங்கள யாராவது சம்மதம் கேட்டிருப்பாங்களான்னு நெனச்சா வயித்தப் பெசையுது. நம்ம நாட்டுல கடைசி பெரியம்மை 1975, உலகத்துல இயற்கையா பரவுன கடைசி 1977 சோமாலியா. மாட்டு வெக்கையும் 2011ல அழிஞ்சாச்சு. அதுவும் 1887 வாக்குல ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்ல போன மாட்டோட போயி அங்க இருந்த மாட்டுல பெரும்பங்க சாய்ச்சு எத்தியோப்பியாவ பஞ்சத்துல தள்ளுன வியாதிதான்.

கம்பம்_ஏலக்கா

சரி, அங்கிட்டு இருந்து நமக்கு ஒண்ணுமே வரலயா?

ரிட்டயர்டு_வாத்தியார்_செங்கோட்டை

வந்தது, குடும்பமா படிக்கிற இடத்துல கொஞ்சம் மறைச்சுச் சொல்றேன். 1495 வாக்குல இத்தாலி நேப்பிள்ஸ்ல சிப்பாய்ங்க மத்தியில வெடிச்ச மேகவியாதி, கொலம்பஸ் ஆளுங்க கொண்டு வந்ததுன்னுதான் ரொம்ப பேரு சொல்றாங்க, அதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை. ஆனா இங்க அது வந்தது போர்ச்சுகீசுக்காரன் கூட. அதனாலதான் தமிழ்ல அதுக்குப் பறங்கிப்புண். பறங்கின்னா வெள்ளைக்காரன். அதுக்கு மருந்தா விக்க ஆரம்பிச்ச சீனத்து வேருக்குப் பறங்கிப்பட்டை, நாட்டு மருந்துக்கடையில இன்னிக்கும் கெடைக்கும். அவன் கொண்டு வந்த பூசணிக்கு பறங்கிக்காய். மலையாளத்துல முந்திரி மரத்துக்கே பறங்கிமாவு. புண்ணுக்கும் காய்க்கும் மரத்துக்கும் ஒரே முத்திரை குத்தி விட்டிருக்கான் நம்ம ஆளு.

கம்பம்_ஏலக்கா

எங்க ஊருல பென்னிகுயிக் பேர சொல்லாம பொங்கலே கெடையாது. 1887லருந்து 1895 வரைக்கும் பெரியாறு அணை கட்டுனப்ப மலேரியாவுலயும் காலராவுலயும் கூலியாளுக செத்தது அம்புட்டு. மலேரியாவும் அமெரிக்கா சரக்கா?

மாட்டு_டாக்டரம்மா

இல்ல, அது நம்ம பக்கத்துலருந்து அங்க போனது. ஆனா அதுக்கு மருந்து அங்க இருந்துச்சு! தென்னமெரிக்கா ஆண்டிஸ் மலையில சிங்கோனா மரம், அதோட பட்டையிலருந்துதான் கொய்னா. 1860 வாக்குல மார்க்கம்னு ஒருத்தர் ஏற்பாட்டுல விதையும் நாத்தும் கொண்டு வந்து ஊட்டில நட்டாங்க. வியாதி இங்கருந்து போயி அங்க உள்ளவன கொன்னுது, மருந்து அங்கருந்து இங்க வந்துச்சு. கணக்கு சரியாவே இல்ல.

மரச்சீனி_மார்த்தாண்டம்

ரப்பரும் அப்பிடித்தானாக்கும். எனக்கு ஒண்ணர ஏக்கர் ரப்பர் உண்டு. 1876ல விக்காம்னு ஒரு வெள்ளக்காரன் பிரேசில்லருந்து எழுபதாயிரம் விதை லண்டனுக்குக் கடத்துனான், மொளச்சது கொஞ்சம்தான், அதுல இருந்து இலங்கைக்கு வந்து அப்பறம் நம்ம மலைக்கு. இதுல பாருங்க, சொந்த ஊரான பிரேசில்ல ரப்பரத் தோட்டமா போட முடியல. ஃபோர்டு கார் கம்பெனிக்காரரு 1928ல அமேசான் காட்டுல ஒரு ஊரையே உண்டாக்கி ரப்பர் நட்டாரு, இலைக்கருகல் நோய் வந்து தோட்டமே போச்சு. அந்த நோய் ரப்பரோட பொறந்த நோய். விதை கப்பலேறிச்சு, நோய் ஏறல. அதனாலயாக்கும் நாம காலம்பற கத்தி எடுத்துட்டு பால் வெட்டப் போறோம். ஏதாவது ஒரு நாள் அது இங்க வந்து சேந்துச்சுன்னா என் ஒண்ணர ஏக்கரும் தீந்துது.

மரச்சீனியிலயும் இதே சங்கதி. 2020ல திருச்சூர் பக்கம் ஒரு மாவுப்பூச்சி வந்துது, அப்பறம் சேலம் நாமக்கல் வர போய் ஜவ்வரிசிக் கிழங்கெல்லாம் காலி. இந்தப் பூச்சி 1973லயே ஆப்பிரிக்காவுல காங்கோ பக்கம் போய் நாசம் பண்ணுன ஆளு. அங்க ஹெரன்னு ஒரு விஞ்ஞானி, மருந்தடிச்சா தீராது, இந்தப் பூச்சி அதோட ஊருல ஏன் பெருகல, அங்க இத தின்னுகது யாருன்னு தேடிப் போனாரு. 1981ல பராகுவேல ஒரு பொடிக் குளவி மாட்டுச்சு. அத ஆப்பிரிக்காவுல விட்டு பூச்சிய அடக்கி, 1995ல உலக உணவுப் பரிசு வாங்குனாரு. அதே குளவியத்தான் 2021ல பெனின் நாட்டுலருந்து நமக்கும் கொண்டு வந்தாவ.

மாட்டு_டாக்டரம்மா

மரச்சீனி அண்ணன் சொன்னதோட ஒரு சின்ன எச்சரிக்கை, தலைப்புக்கு வெளிய. மரச்சீனி எலையும் ரப்பர் எலையும் ஆடு தின்னா சயனைடு, வயிறு உப்பி நிமிசத்துல விழுந்துரும். டாக்டர கூப்பிடுங்க, ஹைப்போ ஊசி கையில இருந்தா காப்பாத்தலாம், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. பிரேசில்காரன் கிழங்கத் துருவிப் புழிஞ்சு விசத்த எடுக்கற வித்தையோட வளத்தான். நம்ம ஆட்டுக்கு அந்த வித்தைய யாரும் சொல்லிக் குடுக்கல.

தோப்புக்காரன்_கொழிஞ்சாம்பாறை

இருங்க இருங்க, இப்பத்தான் எனக்கு வெளங்குது. ரப்பரு எதிரிய விட்டுப்போட்டு வந்துச்சு, அதனால நல்லாருக்குது. வெள்ளை ஈயும் அதோட எதிரிய விட்டுப்போட்டு வந்திருக்குது, அதனால அது நல்லாருக்குது, நாந்தான் நல்லால்ல. அம்மையும் அப்படித்தான், அத அடக்கற ஒடம்பு அந்த ஊர்ல இல்ல. ஆபீசரு மருந்தடிக்காதீங்கன்னதுக்கு காரணம் இதுங்களா?

ரிட்டயர்டு_வாத்தியார்_செங்கோட்டை

இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க. கரீபியன் கடல் பக்கம் ஐந்நூறு வருசம் முன்ன தென்னை கிடையாது. நம்ம இந்துமாக்கடல் தென்னைய எடுத்துட்டுப் போயி அங்க நட்டதே போர்ச்சுகீசுக்காரங்கதான். அங்க இருந்த வெள்ளை ஈ நம்ம தென்னைல ஏறிப் பழகிச்சு, 2004ல பெலீஸ் நாட்டுல அதப் பாத்துப் பேரு வச்சாங்க, அப்புறம் ஃப்ளோரிடா, 2016ல உங்க தோப்பு. நீங்க சம்பந்தமே இல்லன்னீங்க. நம்ம பொண்ண கட்டிக் குடுத்த ஊர்லருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அது.

தோப்புக்காரன்_கொழிஞ்சாம்பாறை

அய்யா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எட்டு பத்து வருசம் ஆகியும் கெளம்பாம உக்காந்திருக்காங்க 😭

வேலந்தாவளம்_மச்சான்

பங்காளி இவ்ளோ நேரம் படிச்சுட்டு இருந்தேன். உங்க ஆபீசர் சொன்னது சரி. எதிரி ஏற்கெனவே வந்தாச்சு, என்கார்சியான்னு ஒரு குளவி, ஊசி மொனை அளவு, ஈ கூடவே தானா வந்து சேந்துருச்சு. வெள்ளை ஈ குஞ்சுக்குள்ள முட்டை வெச்சு உள்ளயே தின்னுரும். நீங்க மருந்தடிச்சதுல ஈ பாதி செத்துச்சு, குளவி முழுசும் செத்துச்சு. அப்புறம் ஈ மட்டும் திரும்ப வந்துச்சு, அவ்ளோதான் நடந்தது.

நானும் மொதல்ல அடிச்சவன்தான், இப்ப ரெண்டு வருசமா அடிக்கறதில்ல. தண்ணிய வேகமா ஓலைக்கு அடியில பீச்சுறது, மஞ்சள் சீட்டுல வெளக்கெண்ணெ தடவி மரத்துக்கு மரம் கட்டறது, கரும்பூசணத்துக்கு மைதா கஞ்சி தெளிச்சா காஞ்சு உரிஞ்சு விழுந்துரும். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நெலையத்துல இன்னொரு எரவிழுங்கிப் பூச்சி முட்டை குடுப்பாங்க, போன் பண்ணிட்டுப் போங்க. முழுசா போகுல, ஆனா காய் நிக்குது. என்ற தோப்புல ஓலைக்கு அடியில இப்ப பாத்தா குஞ்சு கருப்பு கருப்பா இருக்கும், அதுக்குள்ள குளவி இருக்குதுன்னு அர்த்தம். வேணுமுன்னா வந்து நாலு ஓல வெட்டிட்டுப் போயி உங்க மரத்துல கட்டுங்க.

தோப்புக்காரன்_கொழிஞ்சாம்பாறை

ஞாயித்துக்கிழமை வர்றனுங்க. பைக்குல ஓல வெச்சு எடுத்துட்டு வர முடியுமுங்களா?

மாட்டு_டாக்டரம்மா

துண்டா வெட்டி சாக்குல கட்டிக்கோங்க. அதுக்கு முன்னாடி ஓலைய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு கட்டுங்க, குளவியோட வேற எதும் தொத்திக்கிட்டு வந்துறப் போகுது.

மரச்சீனி_மார்த்தாண்டம்

சாக்கையும் உதறிட்டு எடுங்க அண்ணே.